இரண்டாம் கட்டுப் பேச்சு: ஆச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் அலைவது), டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) பற்றியவை. போன இதழில் எனக்கே ஏடிஎச்டி உண்டு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன், அதுதான் காரணமாக இருக்கவேண்டும். காரைக்குடியில் ஸ்பெஷல் எஜுகேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. மருந்து, பரிசோதனை பற்றிய முடிவையெல்லாம் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். மற்றதை இங்கே பேசலாம்.

ஆச்சிக்கு வணக்கம். எனக்கு 27 வயது, ஐ.டி. வேலை. போன வருடம் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில்தான் எல்லாம் நடக்கிறது. மேளம், சங்கு, வெடி, முந்நூறு நானூறு சொந்தக்காரர்கள். விசேஷ வீட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குப் பேச்சே நின்றுவிடும், இல்லையென்றால் அழுதுவிடுவேன். படித்த திமிர் என்பார்கள். ஆத்தா, "மூன்று நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்கிறார்கள். எப்படித் தாக்குப்பிடிப்பது?
– வாசகி, சென்னை

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாளை ஓட்டிவிடலாம். அதற்குப் பிறகு சென்னையில் வாரக்கணக்கில் போனை எடுக்க முடியாமல், குளிக்கக்கூட எழ முடியாமல் கிடப்பீர்கள். அதை ஆத்தா பார்க்கப்போவதில்லை. அதனால்தான் அவர்களுக்கு 'மூன்று நாள்தானே' என்று தோன்றுகிறது.

நம் ஆட்களுக்குக் கணக்காகச் சொன்னால் சட்டென்று புரியும். காலையில் எழும்போது எல்லோர் கையிலும் கொஞ்சம் முதல் இருக்கிறது. மேளச் சத்தத்துக்கு உங்கள் சித்தப்பாவுக்குக் காலணா செலவில்லை. உங்களுக்கு அதுவே பெரிய செலவு. சரிகை கழுத்தில் உரசுவது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது, யாரென்றே தெரியாத அயித்தை கன்னத்தைப் பிடிப்பது, சிரித்த முகத்தை மாறாமல் வைத்திருப்பது எல்லாமே பற்று. மதியச் சாப்பாட்டுக்குள் கை காலி. அதற்கப்புறம் வருகிற அழுகைக்கும் திமிருக்கும் சம்பந்தமே இல்லை. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவை சிலருக்கு அளவுக்கு மீறி உறைப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். அச்சில் இருந்தால் நம்புவார்கள் என்றால் இந்தப் பக்கத்தையே கிழித்துக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் தாங்கப் பழகு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வீண் செலவை நிறுத்துங்கள், வேண்டிய இடத்தில் செலவழிக்கக் கையில் மிச்சம் இருக்கும். தங்கச்சிக்குத் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதானே? அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்றதில் பிடித்துவையுங்கள். யாருமே கவனிக்காத சடங்குகளுக்கெல்லாம் நீங்கள் முன்வரிசையில் நிற்கத் தேவையில்லை.

உங்களுக்கு வாய்த்திருப்பது செட்டிநாட்டு வீடு. ஏசி மண்டபத்தைவிட இது எவ்வளவோ மேல். மண்டபத்தில் ஓடி ஒளிய கழிவறையைத் தவிர வேறு இடம் கிடையாது. இங்கே கூட்டமெல்லாம் முகப்பிலும், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவிலும் இருக்கும். வளவைச் சுற்றி உங்கள் புள்ளிக்கென்று, அதாவது உங்கள் குடும்பத்துக்கென்று அறை இருக்குமே, அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாளே கேட்டு வாங்கிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கனத்த சுவர், பர்மாத் தேக்குக் கதவு. சாத்தினால் பாதிச் சத்தம் வெளியிலேயே நின்றுவிடும். கதவு கிடைக்காதவர்கள் கடைசிக் கட்டுக்கு, கிணற்றடிப் பக்கம் போகலாம். ஆனால் அங்கே சமையல்காரர்கள் கரண்டி தட்டுகிற சத்தம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பத்து நிமிடம் வெறுமனே படுத்தாலே உடம்பு தணியும். அதையும் வெட்கப்படாமல் செய்யுங்கள்.

அடுத்தது வேலை. விசேஷ வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரிடம்தான் எல்லோரும் வந்து பேசுவார்கள். கையில் ஏடும் பேனாவும் வைத்திருப்பவரைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். சாமான் பரப்புவதற்கு முன் சீர்ச் சாமான் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளி எத்தனை, எவர்சில்வர் எத்தனை, பாய் எத்தனை, எது யார் கொடுத்தது. சாமான் அறையில் அமைதியாக உட்கார்ந்து செய்கிற வேலை. உங்களைப் போன்றவர்கள் அதில் ஒரு குவளையைக்கூட விடமாட்டீர்கள். மூன்றாம் நாள் பாருங்கள், "அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் கணக்கே நேராகியிருக்காது" என்று உங்களைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன அதே வாய் சொல்லும்.

சில்லறை விஷயங்கள்: பட்டு ஒத்துவராவிட்டால் திருப்பூட்டும் நேரத்துக்கு மட்டும் பட்டு, மற்ற நேரம் காரைக்குடிக் கண்டாங்கி. பருத்திதான், ஆனால் நம் ஊர்ச் சேலை என்பதால் யாரும் குறை சொல்லமுடியாது. காதில் வைக்கிற பஞ்சு போன்ற அடைப்பான் மருந்துக் கடையில் கிடைக்கும், தலைமுடியில் மறைந்துவிடும். வெடி எப்போது போடுவார்கள் என்று முன்னாடியே கேட்டுவையுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தில் பாதிதான் வலிக்கும். முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு எந்தக் கூட்டத்தையும் சமாளிக்க முடியாது. தங்கச்சியைவிட்டு வேறு ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், ஒரு சைகை பேசிவையுங்கள். நீங்கள் அதைக் காட்டினால் அவர் கேள்வி கேட்காமல் உங்களை உள்ளே அழைத்துப் போகவேண்டும்.

"மூத்தவள் இருக்க இளையவளுக்கா? உனக்கு எப்போ?" என்று நிச்சயம் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பதில் யோசிக்காதீர்கள். "சொல்லி அனுப்புறேன் ஆச்சி, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சு தானாகத் திரும்பிவிடும்.

கல்யாணம் முடிந்த மறுநாளே ரயில் ஏறி மறுநாள் காலையில் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். யாரையும் பார்க்காமல் இருக்க விடுப்பு எடுங்கள். அதையும் கல்யாணச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. பேச்சில் கெட்டி. ஆனால் இன்னும் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். டீச்சர் சோம்பேறி என்கிறார். வீட்டுக்காரர் அரிசி ஆலையில் வேலை, வந்து அடிக்கிறார். நானும் அடிக்கிறேன். நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்கிறார்.
– ஒரு தாய், புதுவயல்

முதலில் அடியை நிறுத்துங்கள் அம்மா, இரண்டு பேரும். அடித்தால் படிப்பு வரும் என்றால் இந்நேரம் வந்திருக்கவேண்டும்.

கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். இரண்டும் நன்றாக இருந்து, பேச்சிலும் புத்தியிலும் குறை இல்லாமல், எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் டிஸ்லெக்ஸியாவாக இருக்க வாய்ப்பு உண்டு. சோம்பேறிப் பிள்ளை எல்லாவற்றிலும் சோம்பேறியாக இருப்பான். உங்கள் மகன் கதை சொல்வதில், கணக்கை வாயால் சொல்வதில், சைக்கிளைக் கழற்றி மாட்டுவதில் எப்படி என்று பாருங்கள்.

தமிழ் எழுத்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படுத்துகிற விதமே தனி. 247 எழுத்து என்பது அதில் சின்னத் தொல்லைதான். 'கெ' என்று சொல்லும்போது 'க்' முதலில் வருகிறது, 'எ' அப்புறம் வருகிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கடல், பகல், அங்கே மூன்றிலும் ஒரே ககரம்தான். வாயில் வருகிற ஒலி மூன்று விதம். ல, ள, ழ பற்றிக் கேட்கவே வேண்டாம். நமக்கு இதெல்லாம் தானாகப் பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றையும் பிரித்து, மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டவேண்டும்.

கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, கையால் எழுதுவது என்று நான்கையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது 1930-களிலிருந்து அமெரிக்காவில் வளர்ந்த முறை. நமக்குப் புதிதில்லை. விஜயதசமி அன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோமே, அந்த ஒரு நாளோடு ஏன் விடவேண்டும்? உங்கள் வீட்டில் குருணைக்குப் பஞ்சம் இருக்காது. ஒரு தாம்பாளத்தில் பரப்பி, ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து. கொஞ்ச நேரம் போதும், தினமும் வேண்டும். 'க' குடும்பம் முழுக்க ஒரே மூச்சில் வேண்டாம்.

ராத்திரி நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவனால் படிக்க முடியாது என்பதற்காக அவனுக்குக் கதை கிடைக்காமல் போகக்கூடாது. சமூக அறிவியல் பாடத்தைப் போனில் குரலாகப் பதிந்து கொடுங்கள், கேட்டே படித்துவிடுவான்.

குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பெயரில் டிஸ்லெக்ஸியா 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள 21 வகைகளில் ஒன்று. 8 வயதுக்கு மேல் சான்றிதழுக்குப் பரிசோதிப்பார்கள். உங்கள் மகனுக்கு வயது சரியாக இருக்கிறது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். பள்ளியில் டீச்சரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திண்டாடுகிறார். எல்லோர் முன்பும் இவனை எழுப்பிப் படிக்கச் சொல்லவேண்டாம் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள்.

ஜோசியர் சொன்ன நேரம் எப்போது சரியாகிறதோ ஆகட்டும். நீங்கள் திங்கட்கிழமையே தாம்பாளத்தை எடுங்கள்.

ஆட்டிசம் தடுப்பூசியால் வருகிறதாமே? வாட்ஸ்அப்பில் படித்தேன்.
– வாசகர், திருப்பத்தூர்

இல்லை. 1998-இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை கிளப்பிவிட்ட சந்தேகம் அது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதியவரின் மருத்துவர் பதிவும் பறிபோனது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

வயது 36. காரைக்குடியில் பழைய சாமான் கடை. சாமானைப் பார்த்ததும் எந்த வீட்டுத் தூண், எந்தக் காலத்துப் பீங்கான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் வரிக் கணக்குக் கட்டத் தேதி தாண்டிவிடும். ஆர்டர் எடுத்ததை அனுப்ப மறந்துவிடும். சாவியைத் தேடியே பாதி நாள் போய்விடும். வீட்டில் தினமும் சண்டை. மதுரையில் டாக்டர் ஏடிஎச்டி என்கிறார். இத்தனை வயதில் இதென்ன புது வியாதி? சில நாள், நான் இருந்து யாருக்கு என்ன லாபம் என்றுகூடத் தோன்றுகிறது.
– வாசகர், காரைக்குடி

தம்பி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் வருகிற நாளில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-லிருந்து இருக்கிறது. பகலோ ராத்திரியோ காசில்லாமல் தமிழில் பேசலாம். டாக்டரிடமும் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அவரிடம் சொல்ல மறந்துவிடக்கூடாத விஷயம் இது, இப்போதே எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

புது வியாதி இல்லை. ஏடிஎச்டி என்று சொல்லவேண்டுமானால் 12 வயதுக்கு முன்பே சில அடையாளங்கள் இருந்திருக்கவேண்டும். பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'கெட்டிக்காரன், கவனம் போதாது' என்று எழுதியிருப்பார்கள். என்னுடையதில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் கடிதம் நான்கு பக்கம், அதில் ஒரு முழுப் பக்கம் தேக்குத் தூண் விலை பற்றி. சிரித்துக்கொண்டே படித்தேன். நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆசிரியர் வெட்டித் தருவதால் உங்களுக்குத் தெரிவதில்லை.

மருந்து எழுதிக்கொடுத்தால் பயப்படாதீர்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்றது சாப்பிட்ட சிறிது நேரத்தில் வேலை செய்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அட்டமாக்ஸெட்டின் என்றால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ரத்த அழுத்தம், தூக்கம், பசி மூன்றையும் டாக்டர் கேட்பார், உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் மாத்திரை சாவியைத் தேடித் தராது. அதற்கு வேறு வழி வேண்டும், அந்த வழி உங்கள் கடையிலேயே பழைய பெட்டியில் கிடக்கிறது.

பர்மாவில் வட்டிக் கடை வைத்திருந்த நம் செட்டிநாட்டு ஆட்கள் ஞாபகத்தை நம்பித் தொழில் செய்யவில்லை. கொடுக்கல் வாங்கல் நடந்ததும் குறிப்பேட்டில் ஏறும். அதிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் போகும். கெடு வந்ததும் ஐந்தொகை (வரவு செலவு நிலைக் கணக்கு) போட்டு ஊருக்கு அனுப்பவேண்டும். அவ்வளவு பெரிய வட்டித் தொழிலை நடத்தியவர்கள் எல்லோரும் ஞாபகசக்திக்காரர்களா என்ன? மறந்துபோகிற ஆளும் எதையும் தவறவிட முடியாதபடி முறை இருந்தது. நீங்கள் விற்கிற பழைய ஏடுகளில் ஒன்றைப் புரட்டினாலே தெரியும்.

அதனால் ஒரே ஒரு குறிப்பேடு. போனில் மூன்று ஆப் வேண்டாம். போனைத் திறந்தால் நீங்கள் எதற்குத் திறந்தீர்கள் என்பதே மறந்துவிடும், எனக்கும்தான். நோட்டை மேசையில் கயிறு கட்டிப் பிணைத்துவிடுங்கள், பேனாவையும் சேர்த்து. யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடிக்குமுன் எழுதுங்கள்: "இருங்க, எழுதிக்கிறேன்." வாடிக்கையாளருக்கும் அது மரியாதையாகத்தான் தெரியும். சாவிக்கு நிலைக்கதவின் பக்கத்தில் ஓர் ஆணி. உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சாவி ஆணியில். கரண்ட், கடன் தவணை, சீட்டு எல்லாம் வங்கியிலிருந்து தானாகப் போகட்டும். வரிக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். அபராதம் கட்டுகிற காசைவிட அவருக்குக் கொடுப்பது குறைவாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரிய கடைகளில் பொறுப்பில் இருக்கும் மேலாளுக்குப் பக்கத்தில் அடுத்தாள் என்று ஓர் உதவியாள் இருப்பார். உங்களுக்கும் ஒருவர் வேண்டும். அவர் பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. நீங்கள் பில் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தால் போதும். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் சும்மா இருந்தாலே வேலை ஓடும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், ஓடுகிறது. இந்தப் பத்தியைக்கூட என் நாத்தனார் எதிரில் உட்கார்ந்து பூக்கட்டும்போதுதான் எழுதுகிறேன்.

அந்த ஆள் உங்கள் மனைவியாக இருக்கவேண்டாம். "ஞாபகப்படுத்து" என்று அவரிடம் சொல்லிவைத்துவிட்டு, ஞாபகப்படுத்தினால் எரிச்சல்படுவது நம் கூட்டத்தின் கெட்ட பழக்கம். இத்தனை வருடம் உங்கள் தலைக்கு வெளியே இருந்த இன்னொரு தலையாக அவர் வேலை பார்த்திருக்கிறார், சம்பளம் இல்லாமல். நோட்டும் ஆணியும் அவரை அந்த வேலையிலிருந்து விடுவிப்பதற்கு என்று சொல்லிப் பாருங்கள். டாக்டரிடம் அடுத்த முறை இருவரும் சேர்ந்து போங்கள்.

இதெல்லாம் ஒரு மாதம் நன்றாக நடக்கும், அப்புறம் சலித்துப்போகும். அது தெரிந்த கதைதான். நோட்டின் நிறத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். விட்ட நாளுக்காக உட்கார்ந்து வருந்தினால் அந்த நாளும் போச்சு.

மகளுக்கு 25 வயது. ஏடிஎச்டிக்கு மருந்து சாப்பிடுகிறாள். வரன் பார்க்கிறோம். சொன்னால் கலைந்துவிடும், சொல்லாவிட்டால் பின்னால் பிரச்சினை. என்ன செய்ய?
– ஒரு தகப்பனார், தேவகோட்டை

மாப்பிள்ளையிடம் சொல்லவேண்டும். ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜாதகம் கொடுக்கும்போதே சொல்லத் தேவையில்லை. இருவரும் பேசிப் பிடித்துப்போய், கல்யாணத்தை நிச்சயம் செய்வதற்கு முன்னால் சொன்னால் சரியாக இருக்கும். நீங்கள் சொல்லாதீர்கள், மகள் சொல்லட்டும். அப்பச்சி தயங்கித் தயங்கிச் சொன்னால் பெரிய நோய் என்று நினைப்பார்கள். அவள் சாதாரணமாகச் சொன்னால் கண்ணாடி போடுகிற விஷயம் மாதிரிக் கேட்டுக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்பார்கள். ஏடிஎச்டியில் மரபின் பங்கு பெரிது, மறைக்கவேண்டாம். வந்தே தீரும் என்றும் கிடையாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது மருந்தைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசவேண்டும். அதற்காகவாவது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒளித்துவைத்துச் சாப்பிடுகிற மாத்திரையை எத்தனை வருடம் ஒளிக்கமுடியும்? இதைக் கேட்டுக் கலைகிற சம்பந்தம் கலையட்டும் ஐயா. செலவு மிச்சம்.

தம்பிக்கு 22 வயது, ஆட்டிசம், பேச்சு வராது. அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. "எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன" என்று தினமும் அழுகிறார்கள். நான் கல்லூரிப் படிப்பு முடிக்கப்போகிறேன். எனக்கும் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆத்தங்குடி

அழுகையைப் பாதியாவது குறைக்கிற காகித வேலைகள் சில இருக்கின்றன. முதலில் அதை முடிப்போம்.

18 வயது ஆனபிறகு சட்டப்படி உங்கள் பெற்றோர் தானாகவே அவனுக்குக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கும். சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். (ராயவரம், கோனாபட்டுப் பக்கத்து வாசகர்கள் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும், செட்டிநாடு ஒன்றுதான், கலெக்டர்தான் இரண்டு.) அதே இடத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா காப்பீடு மூன்றையும் விசாரித்துவிடுங்கள். நிராமயாவில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் காப்பீடு உண்டு, தெரபிக்கும் சேர்த்து. இதற்கெல்லாம் ஒரு முறை போனால் முடியாது. பழைய மருத்துவச் சீட்டுகளை ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.

பேச்சு வராது என்றால் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகாது. படத்தைத் தொட்டால் குரல் வருகிற செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் பேசும். போன் சரிவராவிட்டால் அட்டையில் படம் ஒட்டுங்கள்: தண்ணீர், வலி, போதும், வெளியே, வேண்டாம். 'வேண்டாம்' படத்தை மறந்துவிடாதீர்கள். 22 வயது ஆணுக்கு வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாவிட்டால் அவன் கையால்தான் சொல்வான், அப்புறம் முரடன் என்பார்கள். படம் பழக்கினால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி ஆவதில்லை.

அப்புறம் வேலை. உங்கள் அப்பாவின் பட்டறையையே பாருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை அந்தந்தக் கட்டத்தில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு மட்டம் தட்டி, எடுத்துக் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி காயவைக்கிறார்கள். தினமும் அதே வரிசை, அதே இடம், யாரும் அதிகம் பேசுவதில்லை. வண்ணம் ஊற்றுவது வருடக்கணக்கில் கை பழகியவர்களின் வேலை. தொட்டியில் கல்லை அடுக்குவது, எடுத்து வெயிலில் வரிசையாக நிறுத்துவது, கண்ணாடியைத் துடைத்துவைப்பது தம்பிக்கு ஒத்துவருமா என்று முதலாளியிடம் கேட்டு, தினம் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சிமென்ட் கையை அரிக்கும், கையுறை வேண்டும். உறை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காய்ந்த கல்லை எடுக்கும் வேலை மட்டும். பிடிக்கவில்லை என்று காட்டினால் விட்டுவிடுங்கள். பிடித்திருந்தால் கூலி பேசுங்கள். பொழுதுபோக்காக உட்காரவைப்பது என்பது வேண்டாம். செய்த வேலைக்குக் கூலி, அவன் பெயரில் வங்கிக் கணக்கு.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்காக உங்கள் படிப்பை, வேலையை, கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். ஒரே ஆளைச் சார்ந்து ஒரு வாழ்க்கை நிற்பது அவனுக்கும் ஆபத்துதான். அவனுடைய சாப்பாடு, தூக்கம், பயம், பிடித்த பாட்டு, சைகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியப்பா மகன், பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்று பேராவது அவனோடு தனியாக அரை நாள் இருந்து பழகட்டும். அப்பா அம்மா நன்றாக இருக்கும்போதே இதைத் தொடங்கவேண்டும்.

ஆச்சி, எனக்கு 61 வயது. சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு ஆட்டிசம் என்று மகன் சொன்னான். அவன் அனுப்பிய அடையாளங்களைப் படித்தால் எல்லாம் நான்தான். அடுப்படியில் ஒரு பாத்திரம் இடம் மாறினால் எனக்குச் சமையலே ஓடாது. யாராவது தொட்டால் பிடிக்காது. யார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்பது நாற்பது வருடத்துக்கும் சொல்வேன். இந்த வயதில் பரிசோதனை செய்து என்ன ஆகப்போகிறது?
– வாசகி, கானாடுகாத்தான்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இப்படி ஓர் ஆச்சி இல்லாத வீடு குறைவு. மொய் ஏட்டைத் தேடுவதற்குப் பதில் அவரைக் கேட்பார்கள். 'அவுக ஒரு மாதிரி' என்றும் அதே வாயால் சொல்வார்கள். 1943-இல் லியோ கானர் முதன்முதலில் ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோது 11 பிள்ளைகளை வைத்து எழுதினார்; அதில் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். அப்போதிருந்து பல காலம் இது ஆண் பிள்ளைகளின் விஷயம் என்றே இருந்துவிட்டதால், நம் வயதுப் பெண்களை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவே இல்லை.

சான்றிதழ் உங்களுக்கு எதற்கும் பயன்படப்போவதில்லை என்றால் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் மனச்சோர்வு, தூக்கமின்மை இருந்தால், அல்லது 'நான் ஏன் இப்படி' என்ற கேள்வி இன்னும் உறுத்தினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரியவர்களைப் பார்த்துப் பழக்கமுள்ளவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடிதம் ஒன்றை வைத்து நான் ஆம், இல்லை என்று சொல்வது சரியில்லை.

பாத்திரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மருமகள் வந்தால் இடம் மாறும் என்று பயந்தால் அலமாரியில் ஒரு தட்டை 'இது ஆச்சியோடது' என்று ஒதுக்கிவிடுங்கள், சண்டை வராது.

மகன் வீட்டில் இப்போது பயந்துபோய் இருப்பார்கள். எந்தப் பள்ளி, எந்தத் தெரபி என்று அலைவார்கள். நானும் இப்படித்தான், குடும்பம் நடத்தினேன், பிள்ளை வளர்த்தேன் என்று நீங்கள் சொன்னால் அது அவர்களுக்குக் கிடைக்கிற பெரிய தைரியம். கூடவே எது எது கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் சுலபம் என்று சொன்னால் பேரனுக்கு வேண்டிய உதவியைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். வீடியோவில் கூப்பிடும்போது "ஆயாவைப் பாரு, ஆயாவைப் பாரு" என்று யாரும் அவனை விரட்டவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவன் உங்களைப் பார்க்காமல் காரை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தால், நீங்களும் இந்தப் பக்கம் உங்கள் வேலையைச் செய்துகொண்டே இருங்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது முதல் நாளே சொந்தக்காரர்களைக் கூட்டாமல், எந்த அறை, எந்தக் கழிவறை, எந்தப் பக்கம் நாய் என்று முன்கூட்டியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாத்திரம் இருக்கிற இடத்தையும் ஒரு போட்டோ.